கொட்டியாரத்து வேடரும் திருகோணமலை இரவு ரயிலும்

மொஸ்கோவிலிருந்து மொங்கோலியா வழியாகப் பெய்ஜிங் செல்லும் இருப்புப் பாதையைப் பற்றி மேலைநாட்டவர் எழுதிய பயண நூல்களை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவற்றில் ஓர் அத்தியாயம் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே அமைந்திருக்கும். பயணி உலான் பாட்டாரில் இறங்குவார். புல்வெளிக்குச் சென்று, கம்பளிக் கூடாரம் ஒன்றில் ஓரிரவு தங்குவார். உப்பிட்ட பால் தேநீரும் புளித்த குதிரைப் பாலும் அருந்துவார். உலகின் கடைசி நாடோடிகளைக் கண்டுவிட்டதாக எழுதுவார். பின்னர் மீண்டும் ரயிலேறிப் போய்விடுவார். அவரை உபசரித்த இடையர் குடும்பம் அடுத்த பருவத்தில் கூடாரத்தைப் பிரித்து வேறிடம் செல்லும். அந்தப் பயணத்தை எழுதுவதற்கு அவர் அங்கே இருப்பதில்லை.

இத்தகைய நூல்களை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு எழும் எண்ணம் ஒன்றுண்டு. அலைந்து வாழும் மக்களின் நிலத்தை ஊடறுத்துச் செல்லும் ரயிலைக் காண நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு ஏறினால் விடியும்போது திருகோணமலையில் இறங்கலாம் என்றிருந்த அந்த இரவு அஞ்சல் வண்டி, இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் ஒரு காலத்தில் நடமாடிய காடுகளைக் கடந்தே வந்தது. அது முடியும் இடத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர். மூதூரை அடுத்துக் கட்டைபறிச்சான். அதற்கப்பால், இன்றும் தம்மை வேடர் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் தமிழையே தாய்மொழியாகப் பேசும் மக்களின் சிற்றூர்கள்.

மொங்கோலியாவில் அலைகுடி வாழ்வு ஒரு தேசத்தின் பெருமையாக நிலைத்தது. இலங்கையில் அது ஏறத்தாழ ஏட்டிலிருந்தே அழிந்துபோனது. இவ்வேறுபாடு எதனால் வந்தது? ரயில் வந்ததாலா, நாகரிகம் வந்ததாலா, அன்றி வேறொன்றினாலா? இக்கட்டுரை அந்த ஒரு வினாவைப் பற்றியது.

இரண்டு இருப்புப் பாதைகள்

மொங்கோலிய ரயில் பாதை சோவியத் ஒன்றியத்தின் துணையோடு அமைக்கப்பட்டது. வடக்கே சைபீரியாவிலிருந்து புறப்பட்ட பாதை 1949இல் உலான் பாட்டாரை அடைந்தது. 1955இல் சீன எல்லையைத் தொட்டது. 1956இன் தொடக்கத்தில் மூன்று நாடுகளையும் இணைக்கும் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. மொங்கோலிய மண்ணில் மட்டும் அதன் நீளம் 1,100 கிலோமீற்றருக்கு மேல். சோவியத் அளவிலான அகலத் தண்டவாளமும் சீனாவின் ஒடுங்கிய தண்டவாளமும் ஒன்றோடொன்று பொருந்தாமையால், எல்லையில் பெட்டிகளை உயர்த்திச் சக்கரத் தொகுதிகளை மாற்றும் வழக்கம் ஏற்பட்டது. பயணிகள் வியந்து எழுதும் காட்சிகளுள் அதுவும் ஒன்று.

இலங்கையின் கிழக்குப் பாதை அதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காகக் கொழும்பிலிருந்து தொடங்கிய ரயில் 1867இல் கண்டியை அடைந்தது. ஆனால் கிழக்குக் கரைக்கு ரயில் வருவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. மாகோவிலிருந்து கிளைத்த பாதை 1927இல் திருகோணமலையையும், 1928இல் மட்டக்களப்பையும் எட்டியது. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றெனப் புகழப்பட்ட திருகோணமலைக்கு ரயில் இவ்வளவு தாமதித்து வந்தமைக்குக் காரணம் எளிது. இடையில் கிடந்த உலர்வலயக் காட்டில் ஏற்றுமதிக்குரிய தோட்டப்பயிர் எதுவும் இருக்கவில்லை. மலேரியாவும் விலங்குகளும் பாழடைந்த குளங்களுமே இருந்தன. மட்டக்களப்புப் பாதை செல்லும் புனாணையில் ஒரு சிறுத்தை மனிதரைக் கொன்று தின்று பெரும் அச்சத்தை விளைவித்ததும், 1924இல் ஷெல்டன் ஏகர் என்னும் ஆங்கிலேயர் அதனைச் சுட்டு வீழ்த்தியதும் அந்தக் காலத்துச் செய்திகள்.

பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. இக் கல்லோயா, அம்பாறைப் பக்கத்தில் பின்னாளில் குடியேற்றத் திட்டத்தால் பெயர்பெற்ற கல்லோயா அன்று. பெயர் ஒன்றாயினும் இடம் வேறு. வலது கிளை பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போகும். இடது கிளை கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா எனத் திருகோணமலைக்கு வரும். பத்திரிகைப் பணி நிமித்தம் நான் இந்தப் பாதையில் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். கந்தளாய்க்கு அண்மையில் பொழுது புலரும். சாளரத்துக்கு வெளியே வயலும் குளமும் எருமைக் கூட்டமும் தெரியும். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் இருந்து தலைகாட்டும். அவற்றைக் கண்டதும் பயணிகள் எழுந்து மூட்டைகளை இறக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இருப்புப் பாதை பயணியை இணைக்கிறது. குறுக்கே நடப்போரைத் தடுக்கிறது. மொங்கோலியப் பாதையின் இருமருங்கிலும் கால்நடைகள் தண்டவாளத்தில் ஏறாதிருக்க இடப்பட்ட கம்பி வேலி, புல்லையும் நீரையும் தேடிப் பருவந்தோறும் இடம்பெயரும் காட்டு மான் கூட்டங்களையும் காட்டுக் கழுதைகளையும் தடுத்து நிறுத்திவிட்டதாக உயிரியலாளர் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். எமது பாதையில் வேலி இல்லை. எனவே இங்கே கதை வேறு விதமாக முடிகிறது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி, அபரணைப் பகுதியில், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு சென்ற ரயில் மோதியதில் ஆறு யானைகள் இறந்தன. யானைகள் தடம் மாறி வரவில்லை. அவற்றின் தடத்தில்தான் தண்டவாளம் கிடக்கிறது.

விலங்குகளைத் தடுத்தது இரும்புக் கோடு. மனிதரைத் தடுத்தது வேறொரு கோடு. அதனைக் காண்பதற்குக் குடாவைக் கடந்து போகவேண்டும்.

குடாவுக்கு அப்பால்

இன்று திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகச் செல்லலாம். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அது எளிதாயிற்று. அதற்கு முன்னர் கிண்ணியாவில், கிழக்கில் ‘பாதை’ என்று அழைக்கப்படும் மிதவையில் ஏறிக் கடக்க வேண்டும். அல்லது திருகோணமலை இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் குடாவைக் குறுக்கறுத்து மூதூரில் இறங்க வேண்டும். கோட்டைக் குன்றும் கோணேசர் கோயிலும் பின்னே சிறுத்துச் செல்ல, முன்னே தென்னைகளும் மசூதியின் தூபியும் தேவாலயக் கோபுரமும் மெல்லத் தெரியும். அந்தக் கடற்பயணம் அலாதியானது.

இலங்கை வரலாற்றில் மூதூர் இடம்பெற்றது ஒரு புளியமரத்தினால். 1659ஆம் ஆண்டு இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலொன்று புயலில் பாய்மரம் இழந்து, பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்பிரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பலின் தலைவரையும் அவர் மகன் ரொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் பிடித்துச் சென்றனர். அவர்கள் பிடிபட்ட இடம் எனக் காட்டப்படும் புளியமரத்தை மக்கள் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்பர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறைவாழ்வு வாழ்ந்த நொக்ஸ் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார்.

அந்நூலில் வேடரைப் பற்றிய குறிப்பு உண்டு. அவர்கள் கொல்லனோடு நடத்திய பண்டமாற்றை நொக்ஸ் விவரிக்கிறார். இரவில் வந்து, வேண்டிய அம்புமுனையின் வடிவத்தை இலையில் வெட்டி, இறைச்சியோடு கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதன்படி செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார்களாம். ஒருவர் முகத்தை மற்றவர் காணாமலே நடந்த வணிகம். அதில் கடன் இருந்தது, நம்பிக்கை இருந்தது, கடதாசி மட்டும் இருக்கவில்லை.

மூதூரிலிருந்து சம்பூர் போகும் வழியில் இருப்பது கட்டைபறிச்சான். களப்பும் வயலும் சூழ்ந்த தமிழ்க் கிராமம். கட்டை பறித்தல் என்றால் ஈழத்து வழக்கில் ஏற்றிவந்த மரக்கட்டைகளை இறக்குதல் என்றும், நிலத்திலுள்ள கட்டைகளைப் பிடுங்குதல் என்றும் இருபொருள் படும். ஊர்ப்பெயருக்கு எது காரணமாயினும் இரண்டும் காட்டோடு தொடர்புடையவை. இங்கிருந்து தெற்கும் கிழக்குமாகச் சென்றால் பாட்டாளிபுரம், நல்லூர், வீரமாநகர், சந்தோசபுரம், இளக்கந்தை முதலிய ஊர்கள் வரும். வெருகலாற்றைத் தாண்டினால் வாகரை. இந்தக் கரையோரப் பட்டியில் வாழ்பவர்களையே ஆய்வாளர் ‘கரையோர வேடர்’ என்றனர்.

ஆய்வாளர் தேடியதும் கண்டதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சிவில் சேவையில் பணியாற்றிய ஹியூ நெவில், தாம் நடத்திய ‘தப்ரோபேனியன்’ என்ற ஆய்விதழில் வேடர் பற்றி விரிவாக எழுதினார். அவரையடுத்து 1907–08இல் சி. ஜி. செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டா செலிக்மனும் இலங்கைக்கு வந்து வேடரிடையே களஆய்வு செய்தனர். அவர்களுடைய ‘வேடர்’ என்னும் பெருநூல் 1911இல் கேம்பிரிட்ஜில் வெளியாயிற்று. இன்றுவரை அத்துறையில் முதல்நூலாக மதிக்கப்படுவது அதுவே.

செலிக்மன் தம்பதியர் எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்றை நாம் அடிக்கோடிட வேண்டும். வேடர் கால்போன போக்கில் அலைந்தவர் அல்லர். ஒவ்வொரு குடும்பக் கூட்டத்துக்கும் தனக்கென வேட்டை நிலமும் தேனெடுக்கும் பாறைகளும் உண்டு. எல்லை எது என்பது அயல் கூட்டத்துக்குத் தெரியும். தந்தையிடமிருந்து மக்களுக்கு அவ்வுரிமை செல்லும். அதாவது, அவர்கள் நிலமற்றவர் அல்லர்; உறுதிப் பத்திரம் அற்றவர். மொங்கோலிய இடையனும் அவ்வாறே. குளிர்காலத் தங்கிடம் இன்னது, கோடை மேய்ச்சல் இன்னது என்பது அவனுக்கும் அயலவனுக்கும் தெரியும். நாடோடி என்ற நமது சொல்லே இவ்விடத்தில் நம்மை வழிதவறச் செய்கிறது. ஓடுபவன் அல்லன் அவன். சுற்றி வருபவன்; புறப்பட்ட இடத்துக்கு மீள்பவன்.

ஆனால் செலிக்மன் தம்பதியர் தேடியது கலப்பில்லாத, ‘தூய’ வேடரை. குகையில் வாழ்ந்து, வேட்டையாலும் தேனாலும் மட்டுமே உயிர்பிழைக்கும் குடும்பங்களை அவர்கள் வெகு சிலவாகவே கண்டனர். கரைக்கு வந்தபோது அவர்கள் கண்ட மக்கள் தமிழ் பேசினர், வலை வீசினர், சேனை செய்தனர், தமிழரோடு மணவுறவு கொண்டிருந்தனர். கடல்வழி வந்த ஆவிகளைக் ‘கப்பல் பேய்’ என்று பெயரிட்டுச் சடங்கு செய்தனர். காட்டு முன்னோரை வணங்கிய மரபு கடலோரத்தில் கப்பலையும் தன் தெய்வங்களோடு சேர்த்துக்கொண்டது என்பது எவ்வளவு சுவையான செய்தி! எனினும் பெருநூலில் அவர்களுக்குக் கிடைத்தது சிறிய இடமே. தூய்மை தேடுவோருக்குக் கலந்து வாழ்பவர் பாதி மனிதராகவே தெரிவார்கள்.

மொங்கோலிய இடையனை எவரும் அப்படிக் கேட்பதில்லை. அவன் மோட்டார்ச் சைக்கிளில் மந்தை ஓட்டலாம். கூடாரத்தின் மேல் சூரியத் தகடு பொருத்தலாம். பிள்ளையைப் பட்டணத்து விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம். அவன் இடையனே. வேடன் மட்டும் வலையைத் தொட்டால் வேடன் அல்லன் என்றாயிற்று.

சட்டம் இழுத்த கோடு

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையின் நிலவரலாற்றில் ஒரு திருப்புமுனை. காடும் தரிசும் குடியில்லாத, பயிரிடப்படாத நிலமும், எதிர்மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்று அது கொண்டது. 1897இன் தரிசு நிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. இச்சட்டங்களால் கண்டிச் சிங்களக் குடியானவன் இழந்தவற்றைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அவனுக்காவது வயலும் தோட்டமும் எஞ்சின. வேடனுக்கு எது எஞ்சும்? பயிரிடாமையே அவன் நிலத்தைப் பேணிய முறை. அந்தப் பேணலே சட்டத்தின் கண்ணில் உரிமையின்மைக்குச் சான்றாயிற்று. தன் முன்னோர் தேனெடுத்த பாறைக்குப் போகிறவன் ஒரே நாளில் அத்துமீறுபவனாக மாறினான்.

சுதந்திரத்துக்குப் பின்னும் அக்கோடு அழியவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயா அபிவிருத்தித் திட்டத்தின் பெருநீர்த்தேக்கம் வேடர் வேட்டையாடிய காட்டையும் மூழ்கடித்தது. 1950களில் கந்தளாயிலும், மூதூருக்குத் தெற்கே அல்லையிலும் நீர்ப்பாசனக் குடியேற்றங்கள் உருவாயின. காடு வயலாயிற்று. வயலுக்கு அளவை வரைபடமும் அனுமதிப்பத்திரமும் வந்தன. பத்திரம் பெற்றவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடரின் எஞ்சிய வேட்டைக்காடும் தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. அவர்களுடைய தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா சென்று, ஆதிக்குடிகளுக்கான ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் முறையிட நேர்ந்தது இதனால்தான்.

மொங்கோலியாவில் நடந்ததை ஒப்பிடுக. அங்கே யாவும் இன்பமயம் என்று நான் சொல்ல வரவில்லை. 1950களின் பிற்பகுதியில் இடையரின் மந்தைகள் கூட்டுப் பண்ணைகளுக்குள் கொண்டுவரப்பட்டன. 1959க்குள் ஏறத்தாழ அனைவரும் அவற்றில் சேர்க்கப்பட்டுவிட்டனர். 1990களின் முற்பகுதியில் அவை கலைக்கப்பட்டு மந்தைகள் மீண்டும் குடும்பங்களுக்குத் திரும்பின. ‘சுட்’ என்று அவர்கள் அழைக்கும் கொடுங்குளிர், மேய்ச்சல் நிலத்தைப் பனியால் மூடி மந்தைகளைக் கொன்று குவிக்கும். 2009–10 குளிர்காலத்தில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தையை இழந்தவர் உலான் பாட்டாரின் புறத்தே கூடாரமடித்துக் குடியேறுகின்றனர். நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்று அந்த ஒரு நகரில் வாழ்கின்றனர்.

ஆயினும் அங்கே ஒன்று காக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டின் மொங்கோலிய அரசியலமைப்பு, நிலத்தைக் குடிமக்களுக்குத் தனியுடைமையாக வழங்கலாம் என்று கூறும் அதே இடத்தில், மேய்ச்சல் நிலத்தை அதிலிருந்து விலக்கி வைத்தது. 2002இன் நிலச் சட்டம் குளிர்கால, வசந்தகாலத் தங்கிடங்களை இடையர் குடும்பங்கள் ஒப்பந்த அடிப்படையில் வைத்திருக்க வழிசெய்தது. இடம்பெயர்வதும் ஒரு வாழ்க்கைத் தொழிலே என்பதைச் சட்டப் புத்தகம் ஏற்றுக்கொண்டது. ரயில் இரண்டு நாட்டுக்கும் வந்தது. ஓரிடத்தில் சட்டம் நடமாட்டத்தைக் கண்டது. மற்றோரிடத்தில் வெற்றுக் காட்டை மட்டுமே கண்டது.

கணக்கில் தொலைந்தவர்கள்

இலங்கைக் குடிசன மதிப்பீடுகள் சொல்லும் கதை இன்னும் விசித்திரமானது. 1911இல் வேடரின் தொகை 5,332. 1946இல் 2,361. 1953இல் 803. 1963இல் 400. ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் ஓர் இனம் பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இது சாவுக்கணக்கு அன்று. 1946க்கும் 1963க்கும் இடையிலான காலம் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டு, உலர்வலயத்தில் மரணம் பெரிதும் குறைந்த காலம். அந்த ஆண்டுகளில் வேடர் மட்டும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர் என்றால் யார் நம்புவார்? நடந்தது வேறு. உள்நாட்டில் இருந்தவர்கள் சிங்களவர் என்றும், கிழக்குக் கரையில் இருந்தவர்கள் தமிழர் என்றும் எழுதப்பட்டனர். பிறப்புச் சான்றிதழில் இலங்கைத் தமிழர். பாடசாலை இடாப்பில் இந்து. பிள்ளைக்குத் தாழ்வு வரக்கூடாது என்று பெற்றோரே அவ்வாறு எழுதுவித்ததும் உண்டு. வேடன் என்ற சொல்லை வசையாக வைத்திருந்த சமூகம் எது? தமிழராகிய நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே.

தமிழரின் தொகை சற்றுக் கூடிற்று என்று இதில் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. தமிழ் பேசுவதால் அவர்கள் தமிழரே என்று அணைத்துக்கொள்வது ஒன்று. அவர்களுக்கென இருந்த வரலாற்றை அந்த அணைப்பில் நசுக்கிவிடுவது வேறொன்று. முன்னதை மகிழ்வோடு செய்யலாம். பின்னதைச் செய்ய நமக்கு உரிமையில்லை.

கடதாசி இல்லாதவன்

கணக்கில் இல்லாத பெயருக்கும் கையில் இல்லாத பத்திரத்துக்கும் உள்ள தொடர்பு போர் முடிந்த பின்னரே வெளிப்பட்டது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கட்டு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட சண்டை, ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரை எட்டியது. செப்ரெம்பர் 4ஆம் திகதி சம்பூர் அரச படையினரிடம் வீழ்ந்தது. மூதூர் கிழக்கு மக்கள் கரையோரமாக வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினர். வேடரின் பழைய நடைவழியிலேயே அம்மக்கள் மூட்டை சுமந்து நடந்தார்கள். 2007இல் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அங்கே நிலக்கரி மின்நிலையம் வரும் என்றனர். ஊர் திரும்ப முடியாத சம்பூர் மக்களின் முகாம்களில் ஒன்று கட்டைபறிச்சானில் இருந்தது.

சம்பூர் மக்கள் போராடினர். அவர்களிடம் உறுதிகள் இருந்தன, வழக்காட முடிந்தது. 2015இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

2011இல் நான் கட்டைபறிச்சானுக்குச் சென்றபோது, முகாமுக்கு அருகேயுள்ள தேநீர்க் கடையில் தெற்குப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். காட்டுத் தேன் விற்க வந்திருந்தார். போத்தலைத் திறந்து சுவைத்துப் பார்க்கச் சொன்னார். சம்பூர்க் காணிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, அவங்களுக்கு உறுதி இருக்கு, கேக்கிறாங்க. கடதாசி இல்லாதவனுக்குக் காணி எங்க?” என்றார். தகப்பனும் பாட்டனும் தேனெடுத்த காட்டில் இப்போது எல்லைக்கல் நாட்டியிருப்பதாகவும், உள்ளே போனால் பிடிப்பதாகவும், எந்தக் கந்தோருக்குப் போய் எந்தக் காணியைக் கேட்பதென்று தமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். தம்மைப் பற்றி எழுதுவதற்குப் பலர் வந்து போனதாகவும், எழுதியது எதையும் தாம் கண்டதில்லை என்றும் கூறினார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எனக்கு அதுவே கூடுதலாக உறைத்தது.

1840இல் இழுக்கப்பட்ட கோடு அந்தத் தேநீர்க் கடை வரை வந்திருந்தது. போரினால் வீடிழந்த எல்லோரும் ஒரே அளவில் இழக்கவில்லை. பத்திரம் உள்ளவன் இழந்ததை அரசு ஒரு நாள் திருப்பிக் கொடுக்கலாம். பத்திரம் இல்லாதவன் இழந்ததை இழப்பு என்றே பதிவதில்லை.

நாம் செய்யத்தக்கது

தமிழரின் பக்தி மரபில் வேடருக்கு உயர்ந்த இடம் உண்டு. கண்ணைப் பெயர்த்து இறைவனுக்கு அப்பிய கண்ணப்பர் வேடர். முருகன் தேடிச் சென்று மணந்த வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவள். ஈழத்தின் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் கொட்டியாரத்தைக் கடந்து, வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்கியே தெற்கே செல்கின்றனர். வள்ளியின் கணவனைக் காண்பதற்காக, வள்ளியின் உறவினர் வாழும் ஊர்களை ஊடறுத்துப் போகிறோம். அவ்வூர்களில் ஒரு மிடறு தண்ணீர் குடித்திருப்போம். அங்கு வாழ்பவர் யார் என்று கேட்டிருக்க மாட்டோம். மொங்கோலியக் கூடாரத்தில் ஓரிரவு தங்கிய வெள்ளைக்காரப் பயணியைப் பரிகசிக்க நமக்கு என்ன தகுதி?

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. குடிசன மதிப்பீட்டில் தம்மை வேடர் என்று பதிய விரும்புவோர் அவ்வாறே பதியவும், அதேவேளை தமிழ் தமது மொழி என்று சொல்லவும் இடமிருக்க வேண்டும். மூதூர் கிழக்கின் சிற்றூர்களில் நெடுங்காலம் குடியிருப்போருக்குக் காணிப் பத்திரங்கள் வழங்கப்பட வேண்டும். தேனும் விறகும் கிழங்கும் எடுக்கவும் களப்பில் மீன்பிடிக்கவும் அவர்களுக்கு வழிவழியாக இருந்த உரிமையை, தனியாள் உடைமையாகப் பிரிக்காமல், ஊருக்குரிய பொது உரிமையாகச் சட்டம் ஏற்க வேண்டும். புல்வெளியைப் பற்றி மொங்கோலியர் சட்டத்தில் எழுதியதும் இத்தகைய ஒரு பொது உரிமையைத்தான். எமது பல்கலைக்கழகங்கள் கிழக்கு மாகாணத்தில் இருக்கின்றன. முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் பாடும் சடங்குப் பாடல்களையும் காட்டு வழிகளின் பெயர்களையும் அவர்கள் மொழியிலேயே பதிவதற்குக் கேம்பிரிட்ஜிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை.

வேட்டைக்கும் வில்லுக்கும் திரும்புமாறு எவரும் அம்மக்களைக் கேட்கவில்லை. அவர்களும் அதை விரும்பவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போல் படிப்பார்கள். திருகோணமலையில் ரயிலேறிக் கொழும்புக்கு வேலைக்குப் போவார்கள். போகும் வழியில் கந்தளாயையும் அபரணையையும் கடக்கும்போது, இந்தக் காடு வெறுமையாகக் கிடந்த காடு அன்று, தங்களைப் போன்றோர் எல்லை அறிந்து வாழ்ந்த நிலம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அதே பெட்டியில் உடன் பயணம் செய்யும் மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.